கையொப்பமிடும் முன்னர் கணினியிடம் கேட்க வேண்டியவை

நவம்பர் மாதம் எங்கள் கிளையில் ஓய்வூதியதாரர்களின் மாதம். ஆயுள் சான்று அளிப்பதற்காக, மைசூரு விஜயநகரின் முதல் ஸ்டேஜ் தொடங்கி நான்காம் ஸ்டேஜ் வரையிலிருந்து மூத்த குடிமக்கள் காலை பத்து மணிக்கே வந்து அமர்ந்துவிடுவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர், அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற தமிழர். தட்டச்சில் கீழ்நிலை, மேல்நிலை ஆகிய இரு தேர்வுகளையும் முதல் வகுப்பில் தேறியவர் என்பதை அவரே பெருமையுடன் சொல்வார்.

சான்று அளிக்கும் வேலை முடிந்ததும் அவர் எழுந்து செல்லவில்லை. தோள்பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சார், மாடி வீட்டை ஒரு கம்பெனிக்கு, அவங்க ஊழியர் தங்க வாடகைக்கு விடறேன். ஒப்பந்தத்தை நானே டைப் அடிச்சு அனுப்பினேன். பேரையும் தேதியையும் மட்டும் நிரப்பித் திருப்பி அனுப்பியிருக்கோம்னு சொல்றாங்க. நாளைக்குக் கையெழுத்து. ஆறு பக்கம். இன்னொரு தடவை படிக்கணுமா?”

அவர் அனுப்பிய கோப்பும் திரும்பி வந்த கோப்பும் அவருடைய கணினியிலேயே இருந்தன. சொற்செயலியில் உள்ள ஒரு கட்டளையை அவரையே அழுத்தச் சொன்னேன். ஒரு நிமிடத்திற்குள் ஐந்து இடங்கள் வண்ணத்தில் ஒளிர்ந்தன. இரண்டு இடங்கள் பெயரும் தேதியும். மூன்றாவது, நிறுவனத்தின் முகவரி. நான்காவது இடத்தில், இரு தரப்பினருக்கும் மூன்று மாதம் என்றிருந்த முன்னறிவிப்புக் காலம், வாடகைக்கு எடுப்பவருக்கு மட்டும் ஒரு மாதமாகக் குறைந்திருந்தது. ஐந்தாவது இடத்தில், காலி செய்யும்போது வண்ணம் பூசும் செலவை வாடகைதாரர் ஏற்பார் என்ற வரியே காணாமற் போயிருந்தது.

பெரியவர் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “நாப்பது வருஷம் டைப் அடிச்சேன். இது இருக்கிறது எனக்குத் தெரியாதே, சார்!” என்றார்.

அவருக்கு மட்டுமன்று, நம்மில் பலருக்கும் தெரியாது. சொற்செயலியை நாம் ஒரு நல்ல தட்டச்சுப்பொறியாகவே பயன்படுத்தி வருகிறோம். தட்டச்சுப்பொறி தாளில் பதித்ததற்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை. சொற்செயலியின் கோப்போ, கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகமாகத் தன்னுள் வைத்திருக்கிறது. அந்த அதிகம் சில வேளைகளில் நம்மைக் காக்கும். சில வேளைகளில் நம்மைக் காட்டிக்கொடுக்கும். எது எப்போது என்பதை அறிந்துகொள்ள ஏழு சிறு பாடங்களைக் கீழே தருகிறேன். மைக்ரோசாஃப்ட் வேர்டு செயலியை மனத்தில் கொண்டே இவை எழுதப்பட்டுள்ளன. கட்டணமின்றிக் கிடைக்கும் லிபர் ஆஃபிஸ் ரைட்டரிலும் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இணையான வசதிகள் உண்டு.

பாடம் 1: இரு கோப்புகளை ஒப்பிடுதல்

பெரியவர் அழுத்திய கட்டளையின் பெயர் ‘கம்பேர்’. வேர்டின் மேற்பட்டியில் ‘ரிவ்யூ’ என்னும் பகுதியில் இது உள்ளது. அதனை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி தோன்றும். நீங்கள் அனுப்பிய கோப்பை ‘ஒரிஜினல்’ என்ற இடத்திலும், திரும்பி வந்ததை ‘ரிவைஸ்டு’ என்ற இடத்திலும் தேர்ந்தெடுத்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு புதிய கோப்பு திறக்கும். அதில் சேர்க்கப்பட்ட சொற்கள் அடிக்கோட்டுடனும், நீக்கப்பட்ட சொற்கள் குறுக்குக்கோட்டுடனும் தென்படும். மூலக் கோப்புகள் இரண்டும் மாறாமல் அப்படியே இருக்கும். லிபர் ஆஃபிஸில் திரும்பி வந்த கோப்பைத் திறந்துகொண்டு, ‘எடிட்’ பட்டியில் ‘டிராக் சேஞ்சஸ்’ என்பதன் கீழுள்ள ‘கம்பேர் டாக்குமென்ட்’ வழியாக மூலக் கோப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, நீங்கள் அனுப்பிய படியை நீங்கள் தனியே சேமித்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். எனவே எந்த வரைவை அனுப்பினாலும், அனுப்பிய தேதியைப் பெயரில் சேர்த்து ஒரு படியை எடுத்து வையுங்கள். இரண்டாவது, திரும்பி வந்தது அச்சுத்தாளின் ஒளிப்படமாகவோ வருடிய படமாகவோ இருந்தால் இந்த வசதியை நம்ப இயலாது. அப்போது ஒவ்வொரு வரியையும் கண்ணால் படிப்பதே வழி. வாடகை ஒப்பந்தம், பங்குதாரர் ஒப்பந்தம், கட்டட ஒப்பந்தக்காரருடன் செய்துகொள்ளும் உடன்படிக்கை, உயிலின் வரைவு என எதுவாயினும், திருத்தக்கூடிய கோப்பாகவே திருப்பி அனுப்புமாறு முன்கூட்டியே கேட்டுப் பெறுவது நல்லது.

பாடம் 2: மறைந்திருக்கும் திருத்தங்கள்

‘டிராக் சேஞ்சஸ்’ என்னும் வசதியை இயக்கிவிட்டால், அதன்பின் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் செய்தவர் பெயருடனும் நேரத்துடனும் பதிவாகும். கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய விசைகளுடன் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் இது இயங்கும். பலர் அறியாத செய்தி, இதனைப் பூட்டவும் முடியும் என்பது. ‘டிராக் சேஞ்சஸ்’ பொத்தானின் கீழுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால் ‘லாக் டிராக்கிங்’ என்று ஒன்று தோன்றும். கடவுச்சொல் கொடுத்துப் பூட்டிய பின் கோப்பை அனுப்பினால், பெறுபவர் அந்தப் பதிவை எளிதில் அணைக்க முடியாது. செய்த மாற்றங்கள் தம் தடத்தை விட்டுச் செல்லும். பெரியவர் இதனை முன்பே செய்திருந்தால் ஒப்பிடும் தேவையே எழுந்திராது.

இதே வசதிக்கு மறுபக்கமும் உண்டு. திரையில் ‘நோ மார்க்கப்’ என்ற தோற்றத்தைத் தேர்ந்தெடுத்தால் திருத்தங்கள் மறையும். ஆனால் அவை அழிவதில்லை. “இவருக்குக் கடன் தர வேண்டாம்” என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டு நயமாக மாற்றி எழுதிய வரி, பெறுபவர் தோற்றத்தை மாற்றியதும் எதிரே வந்து நிற்கும். திருத்தங்கள் உண்மையில் நீங்க வேண்டுமானால், அவற்றை ‘அக்ஸெப்ட் ஆல்’ அல்லது ‘ரிஜெக்ட் ஆல்’ கொடுத்து முடித்துவைக்க வேண்டும்.

அதற்கும் மேலாக, கோப்பை உருவாக்கியவர் யார், கடைசியாகச் சேமித்தவர் யார் என்பன போன்ற விவரங்களும் கோப்பினுள் தங்கியிருக்கும். 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானியப் பிரதமர் அலுவலகம் இராக் குறித்து ஓர் அறிக்கையை வெளியிட்டது. அது வேர்டு கோப்பாகவே இணையதளத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதனைக் கணினி வல்லுநர் ஒருவர் ஆராய்ந்தபோது, யார் யாருடைய பயனர்பெயரில் அது திருத்திச் சேமிக்கப்பட்டது என்ற பதிவு உள்ளே இருந்தது. அறிக்கை சொல்லாத செய்தியைக் கோப்பு சொல்லிவிட்டது. நாடாளுமன்றக் குழுவின் விசாரணை வரை அது எட்டியது.

எழுத்துருவும் சாட்சி சொல்லக்கூடும். பாகிஸ்தானில் 2017-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணைக் குழுவின் முன், 2006 பிப்ரவரி எனத் தேதியிட்ட ஓர் ஆவணம் வைக்கப்பட்டது. அது காலிப்ரி என்னும் எழுத்துருவில் அமைந்திருந்தது. அந்த எழுத்துரு பொதுமக்களுக்குப் பரவலாகக் கிடைத்ததோ 2007 ஜனவரி இறுதியில்தான். ஆவணத்தின் தேதி ஐயத்திற்குள்ளாக இந்த ஒரு முரண்பாடே போதுமானதாயிற்று.

ஆகவே, வெளியே அனுப்பும் கோப்பை முதலில் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படியில் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘செக் ஃபார் இஷ்யூஸ்’, ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ என்ற வரிசையில் சென்றால், மறைந்துள்ள திருத்தங்கள், குறிப்புரைகள், எழுதியவர் விவரம் ஆகியவற்றை வேர்டே தேடிப் பட்டியலிடும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கலாம். படியில் செய்யச் சொல்வதற்குக் காரணம், இவ்வாறு நீக்கியவற்றைச் சில வேளைகளில் மீட்க முடியாது.

பாடம் 3: வெட்டிய படம் வெட்டப்படவில்லை

வாடிக்கையாளர்கள் தங்கள் அடையாள அட்டையின் படத்தை வேர்டு பக்கத்தில் ஒட்டி, தேவையற்ற பகுதியை ‘கிராப்’ செய்து அனுப்புவதை அடிக்கடி காண்கிறோம். எண் தெரியாதபடி வெட்டிவிட்டோம் என்று அவர்கள் நம்புகிறார்கள். வெட்டிய பகுதி கோப்பினுள் அப்படியே இருக்கிறது. பெறுபவர் ‘கிராப்’ கட்டளையை அழுத்தி, படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாலே முழு அட்டையும் தெரிந்துவிடும். எண்ணின் மேல் கறுப்புப் பெட்டி ஒன்றை வரைந்து மறைப்பதும் இத்தகையதே. பெட்டியை நகர்த்தினால் எண் வெளியே வரும்.

வெட்டியதை உண்மையில் நீக்க, படத்தைத் தேர்ந்தெடுத்து, ‘பிக்சர் ஃபார்மட்’ பகுதியில் ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ என்பதை அழுத்துங்கள். அங்கே ‘டெலீட் கிராப்டு ஏரியாஸ்’ என்ற கட்டத்தில் குறியிட்டு ஒப்புதல் கொடுத்து, கோப்பைச் சேமியுங்கள். ஆதாரைப் பொறுத்தவரை அதைவிட எளிய வழி இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு கடைசி நான்கு மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ கிடைக்கிறது. முழு எண் தேவைப்படாத இடங்களில் அதனையே கொடுங்கள்.

பாடம் 4: தொகையும் குறியும்

நம் ரூபாய்க் குறியை (₹) மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றுக்கொண்டது. அதனை வடிவமைத்த டி. உதயகுமார் தமிழகத்தைச் சேர்ந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அதே ஆண்டு அக்டோபரில் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடில் அக்குறி இடம்பெற்றது.

இடைப்பட்ட காலத்தில், மங்களூருவைச் சேர்ந்த ஃபோரேடியன் நிறுவனம் வெளியிட்ட எழுத்துரு ஒன்று நாடெங்கும் பரவியது. விசைப்பலகையில் ஒன்று என்ற எண்ணுக்கு இடப்புறம் உள்ள சாய்கோட்டு விசையை அழுத்தினால், அந்த எழுத்துருவில் அது ரூபாய்க் குறியாகத் தோன்றும். அவசரத்திற்கு அது பேருதவியாக இருந்தது. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தொகைக்கு முன் வெறும் சாய்கோடு மட்டுமே தெரியும். உங்களிடமுள்ள பழைய கோப்புகளில் அப்படி ஒரு கோடு நின்றால், அது பிழையன்று. அக்காலத்து ரூபாய்க் குறி.

இன்று சரியான குறியைப் பெற, இந்திய ஆங்கில விசைப்பலகையில் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் நான்கு என்ற எண்ணை அழுத்தினால் போதும். அது இயங்காவிடில் இன்னொரு வழி உண்டு. 2, 0, ஆங்கில எழுத்தான ‘பி’, 9 ஆகிய நான்கையும் இடைவெளியின்றி எழுதி, உடனே ஆல்ட் விசையுடன் ‘எக்ஸ்’ எழுத்தை அழுத்துங்கள். நான்கும் சேர்ந்து ₹ ஆக மாறும்.

இவ்வழியில் தமிழின் பழைய கணக்குக் குறிகளையும் எழுதலாம். 0, ‘பி’, ‘எஃப்’, 6 என எழுதி மாற்றினால் பற்றுக் குறி ௶ வரும். கடைசி எண்ணை 7 ஆக்கினால் வரவு ௷, 8 ஆக்கினால் மேற்படி ௸, 9 ஆக்கினால் ரூபாய் ௹. 2003-இல் யூனிகோடு இவற்றை ஏற்றது. வரவும் பற்றும் எழுதிய நம் முன்னோரின் கணக்கேடுகளைப் படியெடுக்க விரும்புவோருக்கு இவை பயன்படும்.

தொகையை எழுதும்போது கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. ‘ரூ.’ என்பது ஒரு வரியின் கடைசியிலும் எண் அடுத்த வரியின் தொடக்கத்திலும் பிரிந்து விழுவதுண்டு. இடையில் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக, கன்ட்ரோல், ஷிப்ட் ஆகியவற்றுடன் இடைவெளி விசையை அழுத்தினால் இரண்டும் எப்போதும் ஒரே வரியில் நிற்கும். பெயரின் முன்னெழுத்துக்கும் பெயருக்கும் இடையிலும் இதனைக் கையாளலாம்.

அடுத்து, கூட்டல். வேர்டு அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் கர்சரை வைத்து, அட்டவணைக்கான ‘லேயவுட்’ பகுதியில் ‘ஃபார்முலா’ என்பதை அழுத்தினால், மேலுள்ள எண்களை அது கூட்டித் தரும். இதனைக் கண்டறிந்த மகிழ்ச்சியில், நான் பொருளாளராக இருக்கும் குடியிருப்போர் சங்கத்தின் செலவு மதிப்பீட்டை வேர்டிலேயே தயாரித்தேன். அச்சிடுவதற்கு முன் ஓர் இனத்தின் தொகையை மாற்றினேன். கூட்டுத்தொகை தானே மாறிவிடும் என்று எண்ணிவிட்டேன். மாறவில்லை. கூட்டத்தில் ஓர் இல்லத்தரசி எழுந்து, “பேங்க் ஆபீசர் கணக்கே உதைக்குதே!” என்றதும் எழுந்த சிரிப்பு எனக்கு இன்றும் மறக்கவில்லை. எண்ணை மாற்றிய பின் கூட்டுத்தொகையின் மேல் சொடுக்கி ‘எஃப் 9’ விசையை அழுத்தினால்தான் அது புதுப்பிக்கப்படும். தவிர, நெடுவரிசையின் இடையில் வெற்றுக் கட்டம் இருந்தால் கூட்டல் அங்கேயே நின்றுவிடக்கூடும். அங்கே சுழியம் இடுங்கள். தலைப்புக் கட்டத்தில் ஆண்டு எண் இருந்தால் அதனையும் தொகையாகக் கொண்டு கூட்டிவிடக்கூடும். ஆதலால் முடிவைக் கணிப்பானில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

பாடம் 5: கையொப்பம் தனித்து நிற்கலாகாது

ஒப்பந்தம் ஐந்து பக்கத்தில் முடிந்து, கையொப்பமிடும் இடம் மட்டும் ஆறாம் பக்கத்தில் தனியே நிற்பதைக் கண்டிருப்பீர்கள். தோற்றக் குறையாக மட்டும் இதனைக் கருதக் கூடாது. வாசகமே இல்லாத ஒரு தாளில் நீங்கள் இட்ட கையொப்பத்தை வேறோர் ஆவணத்தின் பின்னால் கோக்க முடியும். வங்கியில் பணிபுரிபவர்கள் அத்தகைய தாளைக் கண்டால் சற்றுத் தயங்குவதன் காரணம் இதுவே.

பெரும்பாலோர் என்டர் விசையைப் பலமுறை தட்டி வரிகளை மேலும் கீழும் நகர்த்தி இதனைச் சரிசெய்ய முயல்வார்கள். ஒரு சொல் கூடினால் எல்லாம் மீண்டும் கலைந்துவிடும். மாறாக, கடைசி நிபந்தனையையும் அதற்கும் கையொப்ப இடத்திற்கும் இடையிலுள்ள வரிகளையும் தேர்ந்தெடுத்து, ‘பாராகிராஃப்’ பெட்டியில் ‘லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்’ என்னும் பிரிவில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ என்பதற்குக் குறியிடுங்கள். கையொப்பம் அடுத்த பக்கத்திற்குச் செல்ல நேர்ந்தால், கடைசி நிபந்தனையும் உடன் செல்லும். புதிய பக்கம் தொடங்க வேண்டிய இடத்தில் கன்ட்ரோல் விசையுடன் என்டரை ஒருமுறை தட்டினால் போதும்.

பக்க எண்ணையும் வெறும் ‘3’ என்று இடாமல், ‘6 பக்கங்களில் 3’ என்று பொருள்படும் வகையில் இடுங்கள். ‘இன்செர்ட்’ பகுதியில் ‘பேஜ் நம்பர்’ என்பதன் கீழ் ‘பேஜ் எக்ஸ் ஆஃப் ஒய்’ என்று இவ்வமைப்பு உள்ளது. ஒரு தாள் உருவப்பட்டாலோ புதிதாகச் செருகப்பட்டாலோ பார்த்தவுடன் தெரியும். ஒவ்வொரு தாளிலும் சுருக்கொப்பமிடும் பழைய வழக்கத்துடன் இதுவும் சேர்ந்தால் ஆவணம் மேலும் உறுதிபெறும்.

பாடம் 6: தமிழில் எழுதுகிறவர்களுக்கு

பழைய தமிழ்க் கடிதம் ஒன்றைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் திரை நிறைவதைப் பலர் கண்டிருப்பார்கள். பாமினி போன்ற அக்கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருந்தன. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையேல் புதிர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு விசைப்பலகையை ‘தமிழ் 99’ என ஒழுங்குபடுத்தியது. 2010-இல் யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. இன்று விண்டோஸ் அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகையை அங்கிருந்தே தேர்ந்தெடுக்கலாம்.

எழுத்து அழகாகத் தெரிகிறதே, பழைய எழுத்துருவே இருக்கட்டும் என்று எண்ண வேண்டாம். யூனிகோடில் எழுதிய கோப்பில் ஒரு பெயரைத் தேடலாம், அகர வரிசைப்படுத்தலாம், கைப்பேசியிலும் படிக்கலாம். பழைய எழுத்துருக் கோப்பில் “முருகன்” என்று தேடினால் கணினி இல்லை என்றே சொல்லும். நம் மைசூரு மானசகங்கோத்ரியில் 1969 முதல் இயங்கிவரும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு மின் உரைத்தொகுப்புகளை உருவாக்குகிறது. அத்தகைய பெரும்பணிகள் முதல் நம் வீட்டு உயில் வரை, இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கப்பட வேண்டிய எதுவும் பொதுக் குறியீட்டில் இருப்பதே பாதுகாப்பு. உங்களிடம் உள்ள பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றிகளின் துணையுடன் இப்போதே மாற்றி, மூலத்துடன் ஒருமுறை ஒத்துப் பார்த்து வையுங்கள்.

பாடம் 7: வந்த கோப்பைத் திறக்கும் முன்

மின்னஞ்சலில் வந்த வேர்டு கோப்பைத் திறந்தால், மேலே மஞ்சள் பட்டை ஒன்று தோன்றி, ‘எனேபிள் எடிட்டிங்’ அல்லது ‘எனேபிள் கன்டென்ட்’ என்று கேட்கக்கூடும். தொந்தரவு என்று கருதிப் பலர் உடனே அழுத்திவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, கோப்பைத் திருத்த அனுமதிக்கிறது. இரண்டாவது, கோப்பினுள் இருக்கக்கூடிய ‘மேக்ரோ’ என்னும் கட்டளைத் தொகுப்பை இயங்க விடுகிறது. 1999 மார்ச்சில் உலகெங்கும் மின்னஞ்சல் அமைப்புகளை முடக்கிய மெலிசா என்னும் நச்சுநிரல், வேர்டு கோப்பின் மேக்ரோவாகவே பரவியது. அது பாதிக்கப்பட்டவரின் முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்குத் தானே கடிதம் அனுப்பியதால், பெற்றவர்கள் தெரிந்தவர் அனுப்பியதென்று நம்பித் திறந்தனர்.

படிப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. “உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, இணைப்பைத் திறந்து அனுமதி கொடுக்கவும்” என்பது போன்ற கடிதம் வந்தால், மஞ்சள் பட்டையைத் தொடாமல் கோப்பை மூடிவிட்டு, கிளைக்கு நேரில் வாருங்கள்; அல்லது உங்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் அழையுங்கள். கடிதத்திலேயே தரப்பட்டுள்ள எண்ணில் அழைக்க வேண்டாம்.

பயிற்சி

படித்ததோடு நில்லாமல், இந்த வாரம் அரை மணி நேரம் ஒதுக்கிக் கீழுள்ளவற்றைச் செய்து பாருங்கள்.

1. உங்களிடமுள்ள ஏதேனும் ஒரு கடிதத்தைப் படியெடுத்து, படியில் மூன்று சொற்களை மட்டும் மாற்றுங்கள். வீட்டில் ஒருவரிடம் இரண்டையும் கொடுத்துக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு ‘கம்பேர்’ கட்டளையிடம் கேளுங்கள்.

2. வேறொருவர் உங்களுக்கு அனுப்பிய பழைய கோப்பு ஒன்றின் படியை ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ மூலம் சோதித்து, உள்ளே என்னென்ன தங்கியுள்ளன என்று பாருங்கள்.

3. ஐந்து செலவினங்களை அட்டவணையிட்டுக் கூட்டுங்கள். ஓர் எண்ணை மாற்றுங்கள். ‘எஃப் 9’ அழுத்தும் முன்னும் பின்னும் கூட்டுத்தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. அடையாள அட்டைப் படம் ஒட்டிய உங்கள் பழைய கோப்பு எதிலாவது, வெட்டிய பகுதி இன்னும் இருக்கிறதா என்று ‘கிராப்’ கட்டளையை அழுத்தி, படத்தின் ஓரத்தை இழுத்துப் பாருங்கள்.

நான்காம் பயிற்சிதான் உங்களை மிகவும் வியப்பில் ஆழ்த்தும் என்று நினைக்கிறேன்.

பெரியவரின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அன்று மாலையே அவர் அந்த நிறுவனத்தை அழைத்தார். தங்கள் வழக்கமான வாசகத்தைச் சேர்த்துவிட்டதாக அவர்கள் விளக்கம் தந்தார்களாம். முன்னறிவிப்புக் காலம் மீண்டும் இரு தரப்புக்கும் மூன்று மாதமானது. வண்ணம் பூசும் செலவைப் பாதிப் பாதியாக ஏற்கலாம் என்று அவரே விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுப்பதில் அவருக்கு வருத்தமில்லை. தமக்குத் தெரியாமல் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது என்பதே அவர் கவலை.

மறுவாரம் கணக்கில் முன்பணம் வந்ததா என்று பார்க்க வந்தவர், போகும்போது சொன்னார்: “திருத்தி வந்த கோப்பையும் கம்பேர் போட்டுப் பார்த்துட்டுத்தான் சார் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை நானே போட்டேன்.”

நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். உங்கள் கையொப்பத்தின் மாதிரியை வங்கியில் நாங்கள் பாதுகாத்து வைக்கிறோம். அந்தக் கையொப்பம் எந்த வரிகளின் கீழ் விழுகிறது என்பதைக் காப்பது உங்கள் கையில் இருக்கிறது.